கெராபுவில் விழுந்த இரண்டு கைப்பிடி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். உப்பு, மிளகாய் எதுவும் நான் கூடுதலாகச் சேர்க்கவில்லை.

மலேசியாவின் கிளந்தானில் ஒரு கம்பம், அதாவது சிற்றூர். நோன்பு மாதச் சந்தையில் மஸ்தூரா கெராபு என்ற காய்ப் பச்சடி விற்கும் கடைக்கு முன்னால் ஒருவன் வந்து நின்றான். உதடு இரண்டும் வீங்கியிருந்தன. ஆனால் கண்கள்... மழைக்கு முந்தைய வானம் மாதிரி இருந்தன. ரயில் நிலையத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த ருஸ்லான்.

"நேத்து உங்க கெராபு வாங்கினேன், அடிக். இன்னும் கண்ணுல தண்ணி நிக்கல."

"காதல் தோல்வியா இருக்கும், அபாங்." முன்பின் தெரியாதவர்களையும் அங்கே மலாயில் இப்படித்தான் தங்கச்சி, அண்ணன் என்று கூப்பிடுவார்கள்.

"என் பூனை ஒரு துண்டு தின்னுச்சு. தென்னை மரத்துல ஏறினது இன்னும் இறங்கல!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் எடுத்த பொட்டலத்தை மெல்லத் திரும்ப வைத்தார்கள். மஸ்தூராவுக்குச் சுருக்கென்றது. சிறகவரையும் இஞ்சிப்பூவும் நறுக்கிக் கலப்பது இவள்தான். ஆனால் தேங்காயை வறுத்து இடித்துக் கொடுப்பது அம்மா. அந்தக் கைப்பக்குவத்துக்குத்தான் இத்தனை கூட்டம்... இன்று இவன் வாயால் அம்மா பேர் போய்விடுமா?

"எங்க அம்மா கெராபுவைக் குறை சொன்ன முதல் வாய் உங்களோடதுதான்!"

"அப்ப நீங்களே ஒரு வாய் தின்னு பாருங்க."

"நோன்புல ருசி பாக்கச் சொல்றீங்களா? நாக்கு நுனியில வச்சாலே அம்மா தோலை உரிச்சிடுவாங்க!"

"சரி... பொழுது சாயட்டும். ஒரே பொட்டலம், ரெண்டு பேரும்."

"காரம்னு தெரிஞ்சா நாளைக்கே கடையை எடுத்துடறேன். போதுமா?"

சொல்லிவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துத் தனியே வைத்தாள். மழை வேறு பிடித்துக்கொண்டது. ஒரே குடைத்துணிக்கு அடியில் இருவரும் முறைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் ஊரே காத்திருந்தது.

பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணீர், பிறகு கெராபு...

மஸ்தூராவின் காதுக்குள் ரயில் ஓடியது. எதிர் மேசையில் ஒரு மெழுகுவர்த்தி தானாகப் பற்றிக்கொண்டதைப் பலர் பார்த்தார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: ஊசி மிளகாயை அம்மா தேங்காயோடு இடித்திருக்கிறாள். அது தெரியாமல் இவளும் ஒரு கைப்பிடி போட்டிருக்கிறாள். ருசி பார்க்காத வீட்டில் வேறென்ன நடக்கும்?

"எப்படி?" என்றது கூட்டம்.

அவள் வாயைத் திறக்குமுன் ருஸ்லான் எழுந்தான். "தப்பு என்மேலதான். வாய்ப்புண்ணோட தின்னுட்டேன். காரமே இல்ல!" சொல்லிவிட்டு மீதிப் பொட்டலத்தையும் சிரித்த முகமாகத் தின்று முடித்தான். வியர்வை மழையைவிட வேகமாகக் கொட்டியது.

கூட்டம் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு போனது.

"ஏன் பொய் சொன்னீங்க?" குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அம்மாவும் போட்டிருக்காங்க... நானும் போட்டுட்டேன்..."

"உங்க கண்ணு கலங்குச்சு. மிளகாயால இல்லன்னு தெரிஞ்சுது."

"நாளைக்கும் வருவீங்களா?"

"வருவேன். நோன்பு முடிஞ்சப்புறமும்... உங்க சமையல்ல முதல் வாய் ருசி பாக்கிற வேலையை ஆயுசுக்கும் எனக்கே குடுங்க, மஸ்தூரா."

அவள் வெட்கத்தில் காலிப் பொட்டலத்தை மூன்றாக மடித்தாள். "அம்மாகிட்ட வந்து கேளுங்க. எனக்கு... சம்மதம். ஆனா மிளகாய் பத்தி மூச்சு விடாதீங்க!"

அந்த வருடம் நோன்பு மாதம் முழுக்க வெள்ளம். அந்தக் கம்பத்தில் ஒரு நாள்கூடச் சந்தை போடவில்லை. ஆனாலும் நான் சொன்னது அத்தனையும் சத்தியம்.