முதலில் கேட்டவன்

தொண்ணூறாம் வருஷத்து ஐப்பசி மழை. அதற்கு ஒதுங்கத்தான் குமுதவல்லி தாம்பரத்தில் அந்த மண்டபத்துக்குள் ஓடினாள். ஓடிய வேகத்தில் குடையை மடக்கி உதற, தண்ணீர் முழுதும் கடைசி வரிசைக்காரனின் வெள்ளைச் சட்டையில்...

"குளிச்சிட்டுத்தாங்க வந்தேன்" என்றான் அவன்.

"சாரி... பார்க்கல."

"இப்பவாவது பாருங்க."

பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது... அந்தக் கண்களில் கோபமே இல்லை, சிரிப்புதான் இருந்தது. காலியாக இருந்ததும் அவன் பக்கத்து நாற்காலிதான். வேறு வழி?

மேடையில் ஐரோப்பாவிலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி படம் போட்டுக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். பிரான்சும் ஜெர்மனியும் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டு செத்தவர்களாம். யுத்தம் ஓய்ந்ததும், பீரங்கி செய்ய உதவிய நிலக்கரியையும் இரும்பையும் பொதுவில் வைத்துவிட்டார்களாம். அப்புறம் அவர்களுக்குள் சண்டையே இல்லையாம்.

"சேர்ந்துக்கலாமான்னு யார் முதல்ல கேட்டாங்க?"

"பிரான்ஸ்தான். அடி வாங்கினதும் அவங்கதான்... ஆனாலும் கேட்டாங்க."

குமுதவல்லிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவ்வளவு பெரிய பகை... ஒருவர் வாய்திறந்து கேட்டதிலா தீர்ந்தது?

அடுத்த படத்தில், மாட்டுச் சாணியிலிருந்து எடுக்கும் கோபர் கேஸில் அடுப்பு எரிந்தது. அதற்கும் அங்கிருந்து உதவி வருமாம்.

"எங்க ஊர்ல வைக்கணும்னு ஆசை. எங்க மாடு மட்டும் பத்தாது, பக்கத்து வீடும் சேரணும். அதான் பேஜார்" என்றான்.

"எந்த ஊரு?"

"படப்பை. செல்லியம்மாள் பையன், சம்பத். வேலூர்ல மாமா வீட்ல வளர்ந்தேன். போன வாரம்தான் ஊருக்கு வந்தேன்."

அந்தப் பக்கத்து வீடே அவள் வீடுதான்! வேலித் தகராறில் இரு வீட்டுக்கும் பேச்சு அற்றுப்போய் எத்தனையோ வருஷம்.

"நான் லோகநாதன் பொண்ணு" என்று சொல்லிவிட்டு, கொட்டுகிற மழையில் எழுந்து போய்விட்டாள்.

அப்புறம் ஊரில் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாமா போய்க் கேட்பது என்கிற வீம்பு... மனசோ வேலியோரமே கிடந்தது. இவன் வாயே திறக்காவிட்டால், நம்மை வேறு எங்காவது கட்டிக்கொடுத்துவிடுவார்களே...

ஒரு காலை, தெருவே வேடிக்கை பார்க்க, சம்பத் சாணிக் கூடையோடு அவர்கள் வாசலில் வந்து நின்றான்.

"இன்னா?" என்றார் லோகநாதன்.

"மாமா, ரெண்டு வூட்டு மாடும் சேர்ந்தா ரெண்டு அடுப்பும் புகையில்லாம எரியும். கேக்க வந்தேன்."

மாமாவாமே... உள்ளேயிருந்த குமுதவல்லி கதவோரம் வந்து ஒட்டிக்கொண்டாள். அடுப்படியில் அம்மா புகையில் இருமினாள். அப்பா அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"கூடையை இறக்குப்பா" என்றார்.

வேலியைப் பிரித்து அங்கேயே கோபர் கேஸ் தொட்டி கட்டினார்கள். முதல்முறை பற்றவைத்தபோது, அடுப்பில் நீலமாய் எழுந்தது சுடர்... புகையில்லை, வாடையில்லை. மாடு போட்டதிலிருந்தா இவ்வளவு அழகு? செல்லியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டு வீட்டாரும் அடுப்பைச் சுற்றி நெருங்கிப் பார்த்தார்கள்.

சம்பத் மெல்ல குமுதவல்லி பக்கம் நகர்ந்தான்.

"சாணிக்காக மட்டும் நான் உங்க வாசலுக்கு வரலைங்க... உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அப்பாகிட்ட கேட்கட்டுமா?"

"கட்டிக்கப்போறது அப்பாவா? அந்த உரிமை என்னுது... என்கிட்ட கேளுங்க."

கேட்டான்.

அப்பா காதிலும் விழட்டும் என்று, கொஞ்சம் சத்தமாகவே "சம்மதம்" என்றாள் குமுதவல்லி.