தாலாட்டும் முகம்

ஸாதனா எளிதில் அழுகிற குழந்தை இல்லை. பள்ளுருத்திப் பேருந்தின் நெரிசலில் முன்பின் தெரியாதவர் மடியில் உட்கார வைத்தாலும் அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு சமர்த்தாக வருவாள். அப்படிப்பட்ட பிள்ளை, அப்பா வைத்தீஸ்வரனின் கைப்பேசியில் அம்மா கற்பகம் காட்டிய பெண் முகத்தைப் பார்த்ததும் முதலில் மூச்சை நிறுத்தினாள். பிறகு உதடு பிதுங்கியது. அதன்பின் அவள் அழுத அழுகையில் அடுக்களையிலிருந்து வைத்தீஸ்வரன் கரண்டியும் கையுமாக ஓடி வந்தான்.

கற்பகம் கைப்பேசியைப் பாயில் கவிழ்த்துவிட்டு மகளை அணைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல தங்கம். கண்ண மூடிக்கோ. அது போயிரும்."

இடிக்கும் இருட்டுக்கும் பக்கத்து வீட்டு நாய்க்கும் அவளிடம் இருந்த மந்திரம் இது ஒன்றுதான். ஸாதனா கண்ணை இறுக மூடுவாள். கொஞ்சம் பொறுத்து ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து, போய்விட்டதா என்று பார்ப்பாள். அன்று வெகுநேரம் திறக்கவே இல்லை.

வைத்தீஸ்வரன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். "லட்சணமாத்தானடி இருக்கு. பிள்ள ஏன் இப்படிப் பயந்து பேடிக்குது?" இன்னொரு தடவை பார்த்தான். "செத்தவங்கள குளிப்பாட்டி உக்கார வச்ச மாதிரி இருக்கு," என்று திரும்பவும் கவிழ்த்து வைத்தான்.

கொச்சங்காடியில் பழைய சுக்குக் கிடங்கு ஒன்றின் மாடியில் அல்தாஃப் ஒரு அனிமேஷன் அலுவலகம் நடத்தினான். கம்ப்யூட்டரில் உருவாக்கிய முகங்களுக்கு உயிர்ப்புக் கொடுப்பது அங்கே கற்பகத்தின் வேலை. இப்போது வந்திருந்தது ஒரு தாயின் முகம். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில், கைப்பேசியில் தோன்றித் தாலாட்டுப் பாடிக் குழந்தையைத் தூங்க வைக்க வேண்டிய முகம். தோலில் ரோமக் கால் தெரிந்தது. கன்னத்தில் பூனை மயிர் தெரிந்தது. ஆனால் காட்டிய இடத்திலெல்லாம் குழந்தைகள் அலறின.

"முட்டக் கண்ணு போட்ட பொம்மையக் காட்டினா சிரிக்குதுங்க. நெஜ மனுஷியக் காட்டினாலும் சிரிக்குதுங்க," என்றான் அல்தாஃப். "இது ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. உள்ள ஆளு இல்லைங்கறது குட்டிகளுக்குத் தெரியுது கற்பகம். நீ ஒரு அம்மாதானே, நீயே இத சரியாக்கு."

அந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் மேசையில் ஒரு கண்ணாடி வைத்திருப்பார்கள். அதில் தாங்களே சிரித்து, முகம் சுளித்து, எந்தத் தசை எப்போது அசைகிறது என்று பார்த்து அதையே உருவத்தில் ஏற்றுவார்கள். கற்பகமும் அப்படித்தான் செய்தாள். இந்த முறை உருவத்தின் கண்களை முழுக்க மறைத்து வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் திருத்தி முடித்தபின் கடைசியாகத்தான் திறந்தாள். செங்கோட்டைப் பக்கம் வைத்தீஸ்வரனின் குலசாமி கோயிலில் சிலைக்குக் கண் திறந்தது அப்போது அவளுக்கு நினைவு வந்தது. எதிரே ஒருவரையும் நிற்க விடவில்லை. முதல் பார்வை மனுஷர் மேல் விழக்கூடாது என்று சிலைக்கு நேராகக் கண்ணாடியைத்தான் பிடித்தார்கள். கற்பகம் தனக்குள் சிரித்துக்கொண்டாள். அவள் மேசைக் கண்ணாடி அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தது. திரையிலிருந்த முகம் கண் திறந்தபோது அதற்கு நேர் எதிரே அவள்தான் இருந்தாள்.

அதன்பிறகு வேலை வழுக்கிக்கொண்டு போனது. கீழ்க்கிடங்கிலிருந்து சுக்கின் காரமும் நனைந்த சாக்கின் புளித்த வாடையும் மரப்படி வழியாக ஏறி வர, ஓட்டில் மழை இரைந்து கொட்ட, அவள் கண்ணாடியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துத் தன்னிடம் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து அதற்குக் கொடுத்தாள். சிரிக்கும்போது தன் இடது உதடு முந்திக்கொள்வதைக் கொடுத்தாள். தூக்கம் வரும்போது இமை பாதியில் நின்று பிறகு இறங்குவதைக் கொடுத்தாள். கீழிமை ஓரத்து ஈரக் கோட்டை மயிரிழை மயிரிழையாக வரைந்தாள். மூக்கருகே சின்ன வயதில் அம்மை வார்த்தபோது விழுந்த தழும்பையும், அழகு அதிகமாகிவிட்டது என்று, அதன் மூக்கருகே வைத்தாள்.

தினமும் சாயங்காலம் புதிய படத்தை வைத்தீஸ்வரனின் கைப்பேசிக்கு அனுப்பி மகளிடம் காட்டினாள். அதில் ஒரே ஒரு தாலாட்டு. பாடி முடித்தால் முகம் அசையாமல் நின்றுவிடும். முதலில் ஸாதனா அழுகையைக் குறைத்தாள். பிறகு விரல் சூப்பிக்கொண்டு பார்த்தாள். ஒருநாள் திரையில் கை வைத்து, "அம்மா," என்றாள்.

"பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான ஆகணும்," என்று வைத்தீஸ்வரன் கேலி செய்தான். "பேயக் கட்டி மேய்ச்சு மனுஷியாக்கிட்டியே." கற்பகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. மகளைத் தூக்கக் கை நீட்டினாள்.

ஸாதனா உடனே வரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பேசியைப் பார்த்தாள். மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான், பேருந்தில் யாரோ ஒருவர் மடிக்குப் போவதுபோல, சமர்த்தாக வந்தாள்.

கற்பகத்தின் கண் காய்ந்து உறுத்தியது. மட்டாஞ்சேரி மருந்துக்கடைக்காரர், "ஸ்க்ரீன் பாத்துப் பாத்து வர்றதுதான் சேச்சி," என்று சொட்டு மருந்து கொடுத்தார். மருந்து இமைக்குள் நிற்காமல் கன்னத்தில் ஓடியது. படகுத்துறைக்குப் போகிற வழியில் எதிரே வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் விலகி நடந்ததாகத் தோன்றியது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ராத்திரிச் சோற்றின்போது வைத்தீஸ்வரன் தட்டிலிருந்து நிமிர்ந்தான். "என்னடி அப்படி வெறிச்சுப் பாக்குற?"

"சும்மாதான் பாக்குறேன்."

"கண்ணக் கொட்டிட்டுப் பாரு. என்னவோ போல இருக்கு."

அவன் சிரித்தான். ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். அன்றிலிருந்து ஸாதனா அவள் பக்கத்தில் படுக்கவில்லை. கற்பகம் இதை யாரிடம் சொல்லி அழுவாள்? அழுகையும்தான் வரவில்லை. கண் காய்ந்து கிடந்தது.

ஒருநாள் அலுவலகத்தில் முகம் கழுவும்போது அவள் விரல் வழக்கம்போல மூக்கருகே போனது. நினைவு தெரிந்த நாளிலிருந்து யோசிக்கும்போதெல்லாம் அந்தத் தழும்பைத் தடவுகிற பழக்கம் அவளுக்கு.

வழுவழுப்பாக இருந்தது.

அந்தப் பக்கம் தடவினாள். இந்தப் பக்கம் தடவினாள். தழும்பு இல்லை. ரோமக் கால்கூட இல்லாத, புதுத் தட்டு மாதிரித் தோல். அவள் ஓடிப்போய் மேசையில் உட்கார்ந்து திரையைத் திறந்தாள். முகம் அங்கே இருந்தது. தழும்போடு இருந்தது.

எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்று நினைத்தாள். தழும்பை நீக்கினாள். சிரிப்பைச் சமமாக்கினாள். இமையைப் பழையபடி நிறுத்தினாள். பிறகு தன் மூக்கருகே தடவிப் பார்த்தாள். வழுவழுப்பு. மேசைக் கண்ணாடியை எடுத்துத் திரைக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள். அது கண் திறந்த அன்றைக்கே செய்திருக்க வேண்டியது. கண்ணாடிக்குள் அந்த முகம் தெரிந்தது. அது கண்ணாடியைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு மேலே, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன செய்ற கற்பகம்?" அல்தாஃப் கதவருகே நின்றிருந்தான்.

"இத அனுப்ப வேண்டாம் அல்தாஃப். இன்னும் சரியாகல."

"அது நேத்தே போயாச்சே. ஒரு குட்டிகூட அழலையாம்." அவன் பேச்சு தேய்ந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்தவன் ஒரு அடி பின்னால் போனான். "உனக்கு உடம்புக்கு முடியலையா? வீட்டுக்குப் போ. போய்ப் படு."

ஆட்டோ பிடித்தாள். தோப்பும்படிப் பாலத்தில் நெரிசலில் வண்டிகள் நின்றுவிட்டன. ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்தக் கண்ணாடியைத் திருப்பி வைத்தார். அவளுக்கு ஒரே நினைப்பு. வைத்தீஸ்வரனின் கைப்பேசியில் அந்தப் படம் இருக்கிறது. அதை அழிக்க வேண்டும். மகளை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை அழுதாலும் விடக்கூடாது. பெற்ற வாசனை பிள்ளைக்குத் தெரியாமலா போகும்?

வீட்டுக் கதவு திறந்திருந்தது. மின்சாரம் போயிருந்தது. பள்ளிவாசலில் அந்திநேர மஃரிப் பாங்கு முடிந்து, மழைச் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. வைத்தீஸ்வரன் பின்கட்டில் கொடித்துணியை எடுத்துக்கொண்டிருந்தான். வாளி உருளும் சத்தம் கேட்டது.

கூடத்தில் ஒரே ஒரு வெளிச்சம். பாயில் ஸாதனா. அவளுக்கு எதிரே செம்பில் சாய்த்து வைத்த கைப்பேசி.

தாலாட்டு முடிந்துவிட்டிருந்தது.

முகம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு ஆடுகிறவளைப் போல.

"தங்கம்," என்றாள் கற்பகம்.

ஸாதனா திரும்பினாள். மூச்சை நிறுத்தினாள். உதடு பிதுங்கியது.

கற்பகம் சிரிக்க முயன்றாள். இடது உதடு முந்தவில்லை. இரண்டு ஓரமும் ஒன்றாக ஏறின. ஏறியவை இறங்கவில்லை. இமைக்கப் பார்த்தாள். இமை வரவில்லை. ஒரு அடி வைத்தாள்.

பிள்ளை அலறினாள். "அம்மா," என்று அலறிக்கொண்டு கைப்பேசியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய சின்னத் தோளுக்கு மேலே அந்த முகம் எட்டிப் பார்த்தது. கீழிமையில் ஈரம். மூக்கருகே தழும்பு. இமை இறங்கியது. பாதியில் நின்றது. பிறகு முழுக்க இறங்கி எழுந்தது.

"ஒண்ணுமில்ல தங்கம்," என்றது, கற்பகத்தின் குரலில். "கண்ண மூடிக்கோ. அது போயிரும்."

ஸாதனா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். மறுபடியும் மூடிக்கொண்டாள்.

கற்பகம் போவதற்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.