இடப்பக்கத்து வரி

இரண்டு கோப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட்டுக் காட்டும் அந்த மென்பொருளை சத்யப்பிரியா இப்போதுதான் இன்ஸ்டால் செய்து முடித்தாள். அவள் எதையும் திறக்கும் முன்பே இடப்பக்கம் நிரம்பியிருந்தது. ஹுமாவின் கோப்பு. கை தவறித் திறந்திருப்பேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மதியம் கரண்ட் போய் விசிறி நின்றதில், எங்கோ முந்திரிக்கொட்டை வறுக்கும் கார நெடியும் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டின் ஹாரன்களும் அறைக்குள் தேங்கிக் கிடந்தன. லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடியது.

யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று பொதுவில் விட்ட ஒரு தமிழ் எழுத்துரு மென்பொருளில், பல மாதமாக யாருக்கும் பிடிபடாத பிழையைச் சரிசெய்து ஹுமா எழுதிய கோப்பு அது. அனுப்பும் முன் ஒருமுறை பார்க்கச் சொல்லி சிநேகிதி சத்யப்பிரியாவிடம் கொடுத்தாள். நான்காம் நாள் ஹுமா காய்ச்சலில் இறந்துபோனாள். சத்யப்பிரியா ஒரே ஒரு வரியை மாற்றி அனுப்பினாள். 'எழுதியவர்: ஹுமா' இருந்த இடத்தில் தன் பெயர். அதைப் பார்த்துத்தான் சென்னையில் வேலை கொடுத்தார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். ஹுமாவின் தடயம் வேறெங்கும் மிச்சமில்லையே என்று பார்க்கத்தான் இந்த ஒப்பீடு. வெட்கங்கெட்ட வேலை, அவளுக்கே தெரியும்.

போன் அடித்தது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஹுமாவின் அம்மா ஜன்னத்.

"நல்லாருக்கியாம்மா? எம்புள்ள பேரு கம்ப்யூட்டர்ல வரும்னு சொன்னாளே, வந்துடுச்சா?"

"இன்னும் வரலம்மா." சொல்லும்போதே நாக்கு கூசியது.

"பக்கத்துல யாரும்மா தட்டுறது? ஹுமா மாதிரியே தட்டுறாங்க."

யாருமில்லை. போனை வைத்தாள். எழுதியதைச் சேமிக்கும் முன் மோதிரம் போட்ட விரலால் மேசையை இரண்டு முறை தட்டுவது ஹுமாவின் வழக்கம்.

வலப்பக்கத்தில் தன் கோப்பைத் திறந்தாள். மாறியிருக்கும் வரி மட்டும் சிவக்கும். ஒன்றுதான் சிவக்க வேண்டும்.

இரண்டு சிவந்தன.

கடைசியில், யாரும் எழுதாத ஒரு வரி. இடப்பக்கம், 'அறையில் இருப்பவர்: ஹுமா.' வலப்பக்கம், 'அறையில் இருப்பவர்: சத்யப்பிரியா.'

முந்திரி நெடி போய்விட்டது. ஹுமா பூசும் அத்தர் வாசம். அதனடியில் காய்ச்சல் வியர்வை.

"மாத்திடுறேன்டி ஹுமா. சத்தியமா உம் பேரையே போட்டுடுறேன்."

கை நீட்டினாள். தொடவில்லை. நடுவிலிருந்த அம்புக்குறி தானாக அழுந்தியது. இடப்பக்கத்து வரிகள் வலப்பக்கத்து வரிகளை அழித்து அங்கே உட்கார்ந்தன.

ஹுமா. ஹுமா.

சிவப்பு எங்கும் இல்லை.

டொக், டொக்.

அவள் குனிந்து பார்த்தாள். தட்டியது அவள் விரல்தான். அவள் ஒருநாளும் போடாத மோதிரம் அதில் இருந்தது.