பூஜையன்று வந்த பதில்கள்

காலை 5.40. விமல் எழுந்தான். பல் தேய்த்தான். காபி போட்டு, நின்றபடியே குடித்தான். வேப்பம்பட்டு வீட்டின் மேசைக் கணினியைப் பார்த்தான். தேடல் நூறு சதவீதம் முடிந்திருந்தது. கடவுச்சொல் கிடைக்கவில்லை.

மனைவி சுகிர்தா இறந்து நான்கு மாதம். மூச்சுத்திணறல். அன்று அவன் ஓவர்டைம். அவன் ஆலையில் வேலை நேரத்தில் போன் லாக்கரில். இரவு எட்டரைக்கு வீட்டுக்கு வந்தபோது உடல் சில்லிட்டிருந்தது. அவளுடைய போன் எல்லா அழைப்புகளையும் பதிவுசெய்து பூட்டிவைக்கும். கடைசி அழைப்பு அவள் அண்ணன் ஸ்டீபனுக்கு, நான்கு நிமிடம். பேசவில்லை, வெறும் மூச்சுச் சத்தம்தான் என்றான் ஸ்டீபன். அந்த மூச்சையாவது கேட்க வேண்டும் விமலுக்கு.

ஆறு எழுத்துக் கடவுச்சொல். சாத்தியங்களைத் துண்டுகளாக்கி, பூட்டிய பதிவின் நகலோடு, தெரிந்தவர்களிடமிருந்த ஏழு கணினிகளுக்கு இணையத்தில் அனுப்பினான். ஒவ்வொன்றிலும் அவன் எழுதிய நிரல் தன் துண்டுகளை ஒன்றொன்றாகத் தேடி, ஒவ்வொன்றுக்கும் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று பதில் அனுப்பும். எல்லாமே 'இல்லை' என்றால் ஏதோ ஒன்று கோளாறு.

விடை தெரிந்த ஒரு துண்டுடன் நேரில் போய் ஒவ்வொன்றையும் சோதித்தான். ஆறும் சரி. ஏழாவது, ஸ்டீபன் வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டி உருக்காலையில்.

காலை 11.10. அதுவும் சரி. ஆனால் கணினிப் பெட்டியின்மேல் காய்ந்த குங்குமம்.

ஸ்டோர்கீப்பர் தணிகாசலம் சிரித்தார். "ஆயுத பூஜை நைனா. அன்னிக்கு மெயின் சுவிட்சையே எறக்கிட்டோம். மிஷினுக்கும் ஒருநாள் லீவு வாணாமா?"

விமல் போனில் பதில்களின் பதிவேட்டைத் திறந்தான். பூஜையன்று இந்தக் கணினியின் பெயரில் மூன்று பதில்கள். இல்லை. இல்லை. இல்லை.

மதியம் 1.05. கேன்டீனில் ஸ்டீபன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"பூஜைக்கு நீங்க ஆரம்பாக்கத்துல ஊட்ல இருந்தீங்க மச்சான். இங்க கரண்டே இல்ல. அப்ப 'இல்ல'ன்னு சொன்னது யாரு?"

ஸ்டீபன் சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

"உங்க லேப்டாப்பு. இந்த சிஸ்டம் முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கு. 'உண்டு'ன்னு எனக்கு வராம தடுத்துட்டீங்க. அப்புறம் இது பேர்ல தேடாமலே 'இல்ல'ன்னு அனுப்பிக்கினு இருந்தீங்க. அன்னிக்கு அதை நிறுத்த மறந்துட்டீங்க."

ஸ்டீபன் கை கழுவினான். "கேட்டா தாங்கமாட்ட மாப்ள."

"நானா, நீங்களா?"

ஸ்டீபன் தன் போனில் அந்தப் பதிவை ஓடவிட்டு மேசையில் வைத்தான். நான்கு நிமிடம் இருவரும் கேட்டார்கள். மூச்சு முட்டுகிறது, வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்று அவள் கேட்டாள். லோடு இறங்குகிறது, மாத்திரை போட்டுப் படு என்றான் அண்ணன். கொஞ்ச நேரம் இருமல். பிறகு அவள் குரல்:

"சரிண்ணா, நீ வேலைய பாரு. அவரு ஆறு மணிக்கு வந்துடுவாரு."