கடவில் இல்லாத தோணி

"மேடம், எங்க வீட்டுக்காரரக் காணோம். வீட்டுப் படித்துறைக் கடவுல தோணியும் இல்ல." காவல் நிலையத்தில் ரோசக்குட்டிக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

கூட வந்த அவள் அண்ணன் மத்தாயிக்கு வந்தது. "வர்க்கிய காயல் கொண்டுபோயிடுச்சு மேடம். ஊரே ரெண்டு நாளா தேடிப் பாத்தாச்சு. சவப்பெட்டிக்கும் சொல்லிட்டேன்."

ரோசக்குட்டி அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

கான்ஸ்டபிள் சஜீவன் முக்குளிப்பவர்களை அழைக்க அப்போதே போனை எடுத்துவிட்டான். சப்-இன்ஸ்பெக்டர் சுமங்கலாவோ நிதானமாகத் தேநீரைக் குடித்து முடித்து, "முதல்ல வீட்டப் பாக்கலாம்" என்றார்.

வீட்டில் அவர் சுவரைத்தான் பார்த்தார். ஓர் ஆணியில் தினமும் எடுக்கும் துடுப்பு. அதன் கீழே, தோணியில் தேங்கும் நீரை இறைக்கும் பாளை. அடுத்த ஆணி காலி.

"இதுல என்ன இருந்துச்சு?"

"பந்தயத் துடுப்பு மேடம். இந்த வருஷம் கிழவன்னு சொல்லி அண்ணன் அவரக் கழிச்சு விட்டுட்டான். ஊர்ப் பந்தய வள்ளத்துக்கு இவன்தான தலைவன்!"

மத்தாயி தொண்டையைச் செருமினான்.

"சஜீவா, கடவுல இறங்கு."

இடுப்பளவுத் தண்ணீரில் காலால் துழாவியவன் கத்தினான். "மேடம்! தோணி இங்கயே கிடக்கு! உள்ள முழுக்கக் கல்லு!"

சுமங்கலா சிரித்தார். "தினத் துடுப்பையும் பாளையையும் சுவத்துலயே விட்டுட்டு எவன் தோணி எடுப்பான்? வெளியூர் போனா, வெயில்ல மரம் வெடிக்கக் கூடாதுன்னு கல்லப் போட்டுத் தோணிய முக்கி வைக்கிறவங்கதான நாம? திரும்பி வரப்போறவன் செய்யற வேலை இது. காயல் பூரா தேடுனீங்க, காலடியில பாக்கல."

"அப்ப அவரு எங்க மேடம்?"

"பந்தயத் துடுப்போட எங்க போவாரு? உங்க வள்ளம் வேண்டாம்னா எதிர்க்கரை வள்ளம். அவங்களே படகுல வந்து கூட்டிட்டுப் போயிருப்பாங்க. பந்தயப் பயிற்சி முகாம்ல போன் கிடையாது. உங்ககிட்ட சொன்னா அண்ணன் காதுக்குப் போயிடும்."

"சதிகாரன்!" மத்தாயி தன் வள்ளத்தைப் பார்த்து ஓடினான். அன்று மதியம்தான் பந்தயம்.

போலீஸ் படகில் வழி நெடுகப் புருஷனைத் திட்ட வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தாள் ரோசக்குட்டி. எதிர்க்கரை வள்ளத்தின் பின்முனையில் வர்க்கி உயிரோடு நின்று துடுப்புப் போடுவதைக் கண்டதும் அத்தனையும் மறந்துபோயிற்று. பக்கத்திலேயே மத்தாயியின் வள்ளம், ஒரு முழம் முன்னால்.

"விடாதீங்க! அண்ணனத் தாண்டுங்க!" அழுதுகொண்டே கத்தினாள்.

வர்க்கி திரும்பவில்லை. ஆனால் துடுப்பு இன்னும் ஆழமாக இறங்கியது. எதிர்க்கரை வள்ளம் சீறிப் பாய்ந்து எல்லைக்கோட்டை முதலில் தொட்டபோது, ரோசக்குட்டி சப்-இன்ஸ்பெக்டரையே கட்டிப் பிடித்துக் குதித்தாள்.

"மேடம், கேஸ என்னன்னு எழுதி முடிக்க?" என்றான் சஜீவன்.

"ஆளு கிடைச்சாச்சு, ஜெயிச்சும் ஆச்சுன்னு எழுது."