விமானி அறையிலிருந்து வந்த நன்றி

கேப்டன் சிதோருஸ் திட்டவில்லை. பணிப்பெண் வுலானுக்கு முதலில் உறுத்தியது அதுதான். விமானி அறையில் போனை எடுத்தால், ஆபீசை நாலு வார்த்தை திட்டாமல் அவர் ஹலோ சொன்னதே கிடையாது. இன்றோ, "நாங்க முழிச்சுத்தான் இருக்கோம். நன்றி" என்று குழைந்த குரலில் சொல்லி வைத்துவிட்டார்.

ஜகார்த்தாவிலிருந்து அம்போனுக்குப் போகும் பகல் விமானம். நாலைந்து நாளாக விடியுமுன் எழுந்து பறக்கும் குழு. ஒரு விமானி இருக்கையிலேயே சற்றுக் கண்ணயரலாம், மற்றவர் விழித்திருக்க வேண்டும், பணிப்பெண்கள் அடிக்கடி கூப்பிட்டு அதைச் சரிபார்க்க வேண்டும் என்பது நிறுவனத்தின் களைப்பு மேலாண்மைக் குழு வைத்த விதி. அதே குழுதான் நேற்று இவர்களை ஓய்வு நேரத்தில் வரவழைத்து, ஓய்வின் அவசியம் பற்றிச் சாயங்காலம்வரை வகுப்பெடுத்தது. முடிவில், தூங்கும்போது கட்டிக்கொள்ள ஆளுக்கொரு பூப்போட்ட கண்பட்டி. வகுப்பில் உட்கார்ந்த நேரத்தையும் கணினி தூக்கத்தில் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் பச்சைச் சிரிப்பு முகம் போட்டது. காலையில் வுலான், களைப்பில் பறக்க முடியாது என்று ஆபீசில் சொல்லிப் பார்த்தாள்.

"உங்க முகம் பச்சையாத்தானே இருக்கு, மேடம்" என்றான் ஆபீஸ்காரன்.

"கேப்டன் நன்றி சொன்னாராக்கா?" இளையவள் நோவி ரொட்டித் தட்டுகளை அடுக்கியபடி சிரித்தாள். "சம்பளம் ஏத்திட்டாங்களோ?"

"துணை விமானி பிமோ எடுத்திருப்பான்."

"பிமோ அண்ணன் திக்கித் திக்கில்ல பேசுவாரு? இருங்க, நான் கேக்குறேன்."

நோவி எடுத்தாள். காதில் வைத்தாள். சிரிப்பு போயிற்று.

"அக்கா... நான் பொத்தானே அழுத்தல. அதுக்குள்ள பேசுது."

வுலான் கேபினைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல்களின் வழியே பாய்ந்த உச்சி வெயிலில், யாரோ நெற்றியில் தடவிய தைலத்தின் நெடியும் ஆறிப்போன காப்பியின் கசப்பும் மிதக்க, வாய் திறந்து தூங்கும் தலைகள் வரிசை வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. இயந்திரத்தின் ரீங்காரம்கூட உறங்குகிறவர் மூச்சைப்போல ஏறி, நின்று, இறங்கியது. காது அடைக்கவில்லை. விமானம் இன்னும் இறங்கத் தொடங்கவில்லை. கீழே அம்போன் விரிகுடா. ஓடுபாதை. பின்னால் போய்க்கொண்டிருந்தது.

போனைப் பிடுங்கினாள். "கேப்டன், ஊரைத் தாண்டிட்டோம்!"

"நாங்க முழிச்சுத்தான் இருக்கோம். நன்றி."

நோவியை வெளியே நிறுத்திவிட்டு, விமானி அறைக் கதவின் அவசர எண்ணை அழுத்தினாள். உள்ளிருப்பவர் மறுக்காவிட்டால் சற்றுப் பொறுத்துக் கதவு திறக்கும்.

யாரும் மறுக்கவில்லை.

உள்ளே போனதும் கதவு பின்னால் சாத்திக்கொண்டது. இருவரும் உறங்கினார்கள். பிமோவின் கன்னத்தில் எச்சில் காய்ந்திருந்தது. போன் கொக்கியில். யாரும் தொட்ட மாதிரி இல்லை. வானொலியில் தரைக்கட்டுப்பாட்டுக்காரன் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கேப்டன்!"

தோளை உலுக்கினாள். தலை ஆடியது. மறுபடி. அறைந்தாள். மூச்சு சீராக வந்தது.

அப்போது அவள் தோளை ஒரு கை உலுக்கியது.

திரும்பினாள். யாருமில்லை. சாத்திய கதவு.

கை விடவில்லை. சின்னக் கை. எங்கோ வெகுதூரத்தில் நோவி அழுதாள்.

"அக்கா, எந்திரிங்கக்கா! எவ்வளவு நேரமா எழுப்புறேன்! உள்ள யாருமே போன் எடுக்கல!"

வுலான் கண்ணைத் திறக்கப் பார்த்தாள்.

திறந்துதான் இருந்தது.

எதிரே, விமானி அறையின் முன்கண்ணாடி முழுக்க, கடல்.