வறண்ட தொட்டியில் மூழ்கியவர்

"டாக்டர்... இன்னொரு தடவை சொல்லுங்க."

"மூழ்கித்தான் செத்திருக்கார்."

இன்ஸ்பெக்டர் போனையே முறைத்தார். நகராட்சிக் குடிநீர்ப் பொறியாளர் பிணமாகக் கிடந்தது நிலத்தடித் தொட்டியில். அந்தத் தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை!

கட்டி ஆறு வருடம். அணையிலிருந்து வர வேண்டிய குழாய், 'இரும்பு விலை இறங்கட்டும்' என்று வருடா வருடம் தள்ளிப் போனது. விலையா இறங்கும்? ஏறியது. தொட்டிக்குள் பல்லிகள் குடும்பம் நடத்தின.

"வேற எங்கேயோ அமுக்கிக் கொன்னுட்டு இங்க போட்டிருக்காங்க," என்றார் ஏட்டு. "மூழ்கினவனைக் காஞ்ச தொட்டியில போடுற மடையன் எவன் சார்?"

பொறியாளரின் மனைவி அழவில்லை. கொதித்தாள்.

செலவைக் குறைக்கத் தெருக்களுக்குச் சின்னக் குழாய் போதும் என்று நகராட்சித் தலைவர் கையெழுத்துக் கேட்டாராம். பத்து வருடத்தில் ஊர் பெருத்துவிடும், மறுபடி தெருவெல்லாம் தோண்டினால் நாலு மடங்கு செலவு என்று கணவர் மறுத்தாராம். நேற்று மாலை தலைவர் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை.

"திட்டத்தைத் தப்பாப் போட்டுட்டு, பயந்து குதிச்சுட்டார்னு அந்தாளு ஊர் பூரா சொல்றார். அந்தப் பழியோட என் புருஷனை அனுப்ப மாட்டேன்."

நகராட்சித் தலைவரின் பங்களா.

தோட்டத்தில் நீச்சல் குளம், தளும்பத் தளும்ப. தலைவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அங்கேயும் வறட்சிதான்.

"தங்கமான மனுஷன். பாவம், நீச்சல் தெரியாது. தெரிஞ்சிருந்தா மேல வந்திருப்பார்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "எதுலேர்ந்து சார்?"

"தொட்டித் தண்ணியிலேர்ந்துதான். நானே திறந்து வெச்ச தொட்டியாச்சே... பத்து லட்சம் லிட்டர்!"

ஏட்டுக்குத் திடீர் இருமல்.

அணைக் குழாயைத் தள்ளிப் போட்ட ஆறு கோப்பிலும் தலைவர் கையெழுத்து இருந்தது. ஒன்றைக்கூடப் படித்ததில்லை. தொட்டியில் தண்ணீர் இருப்பதாக நம்பிய ஒரே பிரகஸ்பதி, ஊரிலேயே அவர்தான்.

"பிணத்தைப் போட்டப்ப 'டமார்'னு கேட்டிருக்குமே சார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கேட்டுச்சு... நிரம்பின தொட்டின்னா அப்படித்தான் கேக்கும்னு..."

தலைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஏட்டு விலங்கை எடுத்தார். பொறியாளரின் மனைவிக்கு இன்ஸ்பெக்டரே போன் செய்து சொன்னார். அப்போதுதான் அவள் அழுதாள்.

ஜீப்பில் ஏறும்போது தலைவருக்குத் தொண்டை வறண்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"உள்ள தருவாங்க. ஆனா அளந்துதான்," என்றார் இன்ஸ்பெக்டர். "பதினாலு வருஷத்துக்கு இப்பவே திட்டம் போட்டுக்குங்க, சார்!"